முதல் வாய்

கருப்பட்டி இன்னும் ஒரு சில்லு போட்டால் என்ன? போடு. கசப்பு தெரியக் கூடாது, அதுதான் முக்கியம். செல்லக்கனி டப்பாவுக்குள் கையை விட்டுப் பெரிய சில்லாகப் பார்த்து எடுத்து, கொதிக்கிற தண்ணிக்குள் போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது. தித்திப்பு ஏறினாலும் கண்டுபிடித்துவிடுவானே. இன்னைக்கி என்னக்கா இவ்வளவு இனிப்பு, எதை மறைக்க, என்று கேட்பான். கேட்கக் கூடியவன்தான் தம்பி துரை. மூளை கெட்டுப்போனவன் என்று தெருவெல்லாம் சொல்கிறது. அந்த மூளைதான் பால்காரன் தண்ணி கூட ஊற்றிய அன்றைக்குக் கண்டுபிடிக்கும், ரேஷன் அரிசியில் கடையரிசி கலந்த அன்றைக்குக் கண்டுபிடிக்கும். அவனை ஏமாற்ற அவனைவிடப் பெரிய மூளை வேண்டும். இவளுக்கு இருப்பதோ எட்டாம் வகுப்போடு நின்ற மூளை, அதிலும் பாதி பயத்துக்கே போய்விட்டது. சுக்கைத் தட்டிப் போட்டால் காரம் கசப்பை அமுக்கும். ஆனால் தட்டுகிற சத்தம்? அடுத்த அறையில், பாய் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் காது உடனே நிமிரும். சுக்கு நசுங்குகிற சத்தத்துக்கும் மாத்திரை நசுங்குகிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவன் அவன். அதனால்தான் மாத்திரையை வீட்டில் வைத்து நசுக்கவில்லை. மத்தியானமே, அவள் சமைக்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, தண்ணித் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து, தாளில் மடித்துக் கல்லால் நசுக்கி, ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு வந்தாள். வேர்வையில் தாள் ஊறிப் போயிருக்குமோ? தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. ஒரு மாத்திரைதான் கொடுக்கச் சொன்னார்கள். செல்லக்கனி மூன்றை நசுக்கியிருக்கிறாள். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து. மருந்து என்ன வட்டி கட்டுகிற சமாச்சாரமா, விட்டதையெல்லாம் சேர்த்துக் கட்ட, என்று ஒரு பக்கம் மனசு சொல்லத்தான் செய்தது. கேட்டுக்கொள்ள வழியில்லை. யாரிடம் கேட்க? டாக்டரம்மாவைப் பார்க்க அடுத்த செவ்வாய் வரவேண்டும்.

செவ்வாய் என்று நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். மற்ற நாள் யாருக்கும் மனசு பேதலிக்கக் கூடாது, பேதலித்தாலும் செவ்வாய் வரைக்கும் பொறுத்துக்கிடணும். நல்லா இருக்கு நியாயம். மாடிப்படிக்கு அடியில் ஒரு தடுப்பு, தடுப்புக்குள் ஒரு மேசை, வெளியே பெஞ்சு போதாமல் தரையெல்லாம் ஆள். அந்த டாக்டரம்மாவைக் குற்றம் சொல்ல வாய் வராது. சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, சாயங்காலம் ஆகப் போகிறது, சாப்பாட்டு டப்பா திறக்காமல் மேசையிலேயே இருக்கிறது. 'வழக்கமாக் குடுக்கிற சொட்டு மருந்து சப்ளை இல்லம்மா. எழுதிப் போட்டிருக்கோம். வரும்போது வரும்' என்றாள். வரும்போது வரும்! மழையா அது? 'மாத்திரை இருக்கு, ராத்திரி ஒண்ணு குடுங்க.' 'அவன் முழுங்க மாட்டானே தாயி.' 'பொடிச்சு எதுலயாவது கலந்து குடுங்க.' சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து ஒரு நிமிஷம் இவளையே பார்த்தாள். 'தெரியாமக் கலந்து குடுக்கிறது சரியே இல்லம்மா. யாராவது வீட்டுக்கு வந்து, அவர்கூட உக்காந்து, பேசிப் பேசி அவராவே வாங்கிப் போட்டுக்கிற மாதிரி செய்யணும். அதுக்கு ஆள் போடச் சொல்லிக் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம்.' 'அப்ப கொஞ்ச நாள் இங்கனயே படுக்கப் போட்டுப் பாருங்களேன்.' 'கட்டில் எங்கம்மா இருக்கு?' பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. வெளியே வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் புதுசாக வளைவு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், சலவைக்கல் பதித்து, உச்சியில் கலர் விளக்கு வைத்து. பஸ்ஸுக்கு நின்ற நேரமெல்லாம் அதை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. சர்க்கரை மாத்திரை ஒரு வாரம் இல்லையென்றால் வரிசையில் நிற்கிறவர்கள் ஆஸ்பத்திரியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். இதற்குச் சத்தம் போட ஆள் கிடையாது. சத்தம் போட்டால், உங்க வீட்டுல யாருக்கும்மா என்று கேட்பார்களே, அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அத்தனை பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவளும்தான் நின்றாள்.

காப்பித் தூளையும், தட்டாமல் முழுசாகவே ஒரு துண்டு சுக்கையும் போட்டாள். நுரை பொங்கி வந்தது, அடுப்பைத் தணித்தாள். மாத்திரை வந்த அன்றைக்கே குழம்பில் கலந்து கொடுத்துப் பார்த்து, கெடுத்து வைத்தது அவள்தான். ஒரு கவளம் வாயில் வைத்தான், அப்படியே துப்பினான். 'கசக்கு. யக்கா, இதுல யாரோ வந்து என்னமோ போட்டிருக்கான்.' யாரோ! அவனுக்கு அக்கா மேல் சந்தேகமே வரவில்லை. தட்டைத் தூக்கித் தெருவில் எறிந்து, 'கலந்துட்டானுவ, கலந்துட்டானுவ' என்று நடுத் தெருவில் நின்று கத்தினான். அன்றையிலிருந்து தோல் உரிக்காத வாழைப்பழம், கண் எதிரே வெட்டிய இளநீர், அவ்வளவுதான் ஆகாரம். கன்னம் ஒட்டிப் போயிற்று. தூக்கம் கிடையாது. விடிய விடிய சுவரோடு பேச்சு. அப்படிப்பட்டவன் இன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, தானாக, 'யக்கா, ஒரு கருப்பட்டிக் காப்பி போடேன், நாக்கு செத்துப்போச்சு' என்றான். அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய துரையின் குரல். கேட்டு வாங்கிக் குடிக்கப் போகிறான். கேட்டு வாங்குகிறவனுக்குத்தான் இவள் கலக்கப் போகிறாள். கலக்காமல் வெறும் காப்பியாகக் கொடுத்துவிட்டால் என்ன? ஒரு நாளாவது சுத்தமாக ஒரு வாய் குடிக்கட்டுமே பிள்ளை? கையை ரவிக்கையிலிருந்து எடுத்தாள். அப்புறம் எதிர்ச்சாரியில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, கை தானாகத் திரும்ப உள்ளே போனது.

வைகுண்டம் அண்ணாச்சி வந்து உட்கார்ந்துவிட்டார். இந்த லைன் வீடு மொத்தமும் அவருடையது. எதிரே அவர் வீட்டு வாசலில் சாயங்காலமானால் நாலைந்து ஆம்பிளைகள் கூடுவார்கள், இந்த ரெண்டு நாளாகக் கூடுகிறது துரைக்காகத்தான். நேற்று அவளைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், கோயில் வரி கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: 'செல்லக்கனி, உம்மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. பொம்பளப் பிள்ளைக இருக்கிற தெரு. இன்னொரு தடவ அவன் வெளிய வந்து கத்துனான்னா வண்டி பிடிச்சு அந்தக் கடக்கரைக் கோயில்ல கொண்டு விட்டுருவோம். அங்க பாத்துக்கிடுவாவ.' பார்த்துக்கொள்கிற லட்சணம் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், இவனுக்காகத்தான், இவனுக்குச் சொல்லாமல். வேப்பமரத்தில் சங்கிலி. சங்கிலியில் கால் பூட்டின ஒரு பொம்பளை, தலைவாரி விட்டிருந்தார்கள், நெற்றியில் திருநீறு. இவளைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்கிற மாதிரி, 'வாங்க, பூ வாங்கிட்டு வந்தியளா?' என்று கேட்டாள். செல்லக்கனி வாங்கிக்கொண்டு போகவில்லை. வாங்கிப் போயிருக்கலாம். ஒரு முழம் பூ. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. துரையின் கணுக்கால் அந்தச் சங்கிலிக்கு எப்படி இருக்கும் என்று மனசு அளவெடுத்துப் பார்க்கிறது. வேண்டாம் என்றாலும் அளவெடுக்கிறது. இந்தத் தெரு ஏற்கெனவே ஒரு தடவை அவனைக் கரண்டுக் கம்பத்தில் கட்டிப் போட்டது. சத்துணவுக் கூடத்தில் முட்டை உரித்துக்கொண்டிருந்தவளுக்கு ஆள் வந்து சொல்லி, ஓடி வந்து அவிழ்த்தாள். கட்டினவர்களில் பாதிப் பேர் சின்ன வயசில் அவனோடு கோலி விளையாடினவர்கள். கயிற்றுத் தடத்துக்கு மஞ்சள் பூசும்போது அவள் அடப் பாவிகளா, அடப் பாவிகளா என்று அரற்றிக்கொண்டே இருந்தாள்.

யார் இவனை இப்படி ஆக்கியது? இந்தக் கேள்வி வந்துவிட்டால் அவளுக்கு நிற்கத் தெரியாது. பிறக்கும்போதே இப்படியா பிறந்தான்? பன்னிரண்டாவது முடித்துவிட்டு, சென்னையில் அந்தப் பெரிய ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகும்போது தலை நிறைய எண்ணெய் வைத்து, சிரித்துக்கொண்டுதானே பஸ் ஏறினான்? நாள் முழுக்க நிற்கணும், உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சம்பளம் பிடிப்பு. அதையெல்லாம் சொல்லிச் சிரிப்பான். விடுதிச் சாப்பாட்டில் புழு கிடந்தது என்று சொல்லப்போய்த்தான் வினை. மேலாளர் ஞாபகம் வைத்திருந்து, பட்டுச் சேலை ஒன்று குறைகிறது என்று இவன் மேல் பழியைப் போட்டான். எல்லார் முன்னாலும் உடுப்பை அவிழ்த்துச் சோதனை. சரக்கு அறையில் ஒரு ராத்திரி பூட்டி வைத்து அடி. சேலை மறுநாள் மேல்மாடியில் வேறொரு அலமாரியில் இருந்ததாம். கிடைத்துவிட்டது என்று இவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அங்கே ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பூட்டியிருந்த அறைக்குள் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் சோறு போட்டார்களாம், அதில் என்னமோ கலந்திருந்தது என்கிறான். அதைத் தின்ற பிறகுதான் தலைக்குள் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள் என்கிறான். கலந்திருந்ததா இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஊருக்கு வந்து முதல் மாசம் தெருவில் எல்லாரும் ஐயோ பாவம் என்றார்கள். ரெண்டாம் மாசம் சிரிக்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து, டீயில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்து, குடித்தவன் முகம் கோணியதும் கையைத் தட்டிச் சிரித்தார்கள். 'என்ன துரை, கலந்துட்டாவளா?' வைகுண்டம் அண்ணாச்சியும் அங்கே உட்கார்ந்து பல் தெரியச் சிரித்தவர்தான். அவளைக் கட்டினவன், ஒண்ணு உன் தம்பி, இல்ல நான் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனது அந்த வருசம்தான். போகட்டும். அவனும் அந்த டீக்கடையில் இருந்தானோ என்னவோ, இன்றுவரை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

'யக்கா, ஆச்சா?'

'இந்தா ஆச்சு, ஆத்திட்டு வாரேன்.' குரல் நடுங்கினதோ? இல்லை, சரியாகத்தான் வந்தது. முதுகை வாசல் பக்கம் காட்டி நின்று, தாளைப் பிரித்து, பொடியை டம்ளருக்குள் தட்டி, மேலே காப்பியை வடிகட்டினாள். கரண்டியால் கலக்கக் கூடாது, சத்தம். ரெண்டு ஆற்று ஆற்றினால் போதும். டம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்கினால் என்ன செய்ய? இன்னொரு ஆற்று. தாளை அடுப்பு மேடைக்குக் கீழே எறியப் போனவள், அவன் அங்கேயும் தேடுவான் என்று வாயில் போட்டு மென்று விழுங்கினாள். கசப்பு. யம்மாடி, என்ன கசப்பு. வெறும் தாளே இப்படிக் கசந்தால் காப்பி எப்படி இருக்கும்?

துரை பாயிலிருந்து எழுந்து சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். டம்ளரை முன்னால் வைத்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, 'முதல் வாய்' என்றான். இது எப்போதும் நடப்பதுதான். இந்த ரெண்டு வருசமாக அவன் முன்னால் வைத்த எந்தச் சாப்பாட்டிலும் முதல் வாய் அவளுடையது. பள்ளிக்கூடத்திலும் அதே வழக்கம்தான், தலைமையாசிரியை ஒரு கரண்டி வாங்கி ருசி பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பரிமாறலாம். அங்கே அது பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று. இங்கேயும் அதற்குத்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சொட்டு மருந்து இருந்த காலத்தில் கவலையில்லை. நிறம் கிடையாது, ருசி கிடையாது, ஒரு வாய் குடித்தால் லேசாகக் கொட்டாவி வரும், அவ்வளவுதான். செல்லக்கனி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். தித்திப்பு, சுக்கு, அதற்கு அடியில் நாக்கின் வேரில் கசப்பு வந்து உட்கார்ந்தது. முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். நெற்றியைச் சுருக்காதே. கண்ணைச் சிமிட்டாதே. சிரி. ரொம்பச் சிரிக்காதே.

'நல்லாருக்கா?' என்றான்.

'நல்லாருக்கு. சுக்கு கொஞ்சம் தூக்கல்.'

'இன்னொரு வாய்.'

குடித்தாள். அவன் பார்வை அவள் தொண்டையில் இருந்தது. விழுங்குகிறாளா, அடக்கி வைக்கிறாளா என்று பார்க்கிறான். 'இன்னும் ஒண்ணு.' குடித்தாள். இப்போதுதான் அவளுக்குக் கணக்கு உறைத்தது. அவள் குடிக்கிற ஒவ்வொரு வாயும் அவனுக்குப் போக வேண்டிய மருந்து. அவன் நம்ப வேண்டுமென்றால் அவள் குடிக்க வேண்டும், அவள் குடித்தால் அவனுக்கு மிஞ்சாது. நிறுத்தினால் சந்தேகம். நிறுத்தாவிட்டால் காலி டம்ளர். இது என்னடா கொடுமை! எதிர்ச்சாரியில் யாரோ இருமினார்கள். 'நீ குடிலே, ஆறிப் போவும்' என்றாள். 'நீ குடி.' 'எனக்கு வேண்டாம் ராசா, எனக்குன்னு தனியாப் போட்டுக்கிடுவேன்.' சொல்லியிருக்கக் கூடாது. அவன் கண் சின்னதாயிற்று. 'ஏன், இது எனக்குன்னே தனியாப் போட்டதா?' அவள் அவசரமாக எடுத்து ரெண்டு வாய் குடித்தாள். டம்ளர் பாதிக்குக் கீழே போய்விட்டது. குடிக்கக் குடிக்க அவன் முகத்தில் பயம் ஏறிக்கொண்டே வந்தது. அவனுக்காக அல்ல, அவளுக்காக. 'போதும்க்கா' என்று டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தான். 'போதும், கசக்குதுல்லா? உம் மூஞ்சியிலயே தெரியுது. எனக்குக் கலந்தத நீ குடிச்சிட்ட. ஒனக்கு என்னமாச்சும் ஆனா நான் யாருகிட்டப் போவேன்?' டம்ளரை எட்டத் தள்ளினான். 'எவன் வந்தான் சொல்லு. நீ பள்ளிக்கூடம் போன நேரத்துல எவன் உள்ள வந்தான்? எதுத்த வீட்டுக்காரனா?' எழுந்துவிட்டான். வாசலைப் பார்க்கிறான். இன்னும் ரெண்டு எட்டு வைத்தால் தெரு, தெருவில் கத்தினால் வண்டி. செல்லக்கனி அவன் வேட்டியைப் பிடித்தாள். இனி எந்தப் பொய் அவனை நிறுத்தும்? ரெண்டு வருசமாகச் சொன்ன பொய்யெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவள் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் துப்பினால்தான் மூச்சு வரும்.

'எவனும் வரல. நாந்தாம்ல கலந்தேன்.'

அவன் திரும்பினான்.

'மருந்து. ஆஸ்பத்திரி மருந்து. ரெண்டு வருசமா நாந்தான் கலக்கேன். மோர்ல கலந்தேன், ரசத்துல கலந்தேன், ஒம் பொறந்த நாளைக்கி வச்ச பாயசத்துலயும் கலந்தேன். நீ சங்கிலில கெடக்கக் கூடாதுன்னு கலந்தேன். வேற வழி எனக்கு யாரும் சொல்லித் தரல துரை.'

அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்றும் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். மெள்ள மெள்ள அவன் முகம் மலர்ந்தது. எத்தனை வருசமாயிற்று அந்த முகத்தை அப்படிப் பார்த்து! 'அப்ப நான் சொன்னது நெசந்தானக்கா?' என்றான். 'கலந்திருக்குன்னு சொன்னேன்லா. சொன்னேனா இல்லையா? எல்லாவனும் பைத்தியம் பைத்தியம்னானே. கலந்துதானே இருந்திருக்கு!' அவளுக்குத் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. ஆமாம், நெசந்தான். டீக்கடையில் கலந்தது நெசம். குழம்பில் கலந்தது நெசம். அந்தச் சரக்கு அறைப் பொட்டலமும் நெசமாக இருந்தால்? இவன் சொன்னதில் எது பொய்? 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்லிச் சிரித்தபடியே அவன் எழுந்து, வேட்டி அவள் கையில் இருந்து நழுவ, கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

'கேட்டியளா? எல்லாரும் கேட்டியளா? எங்கக்கா வாயாலயே சொல்லிட்டா! கலந்தது நெசம்!'

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். 'ஏ, வண்டிக்குச் சொல்லுங்கப்பா' என்றார். அவசரமே இல்லாத குரல். ரெண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். ஒருத்தன் கையில் கயிறு, நேற்றே வாங்கி வைத்திருப்பான். செல்லக்கனி எப்படி வாசலைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. துரைக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். வழக்கமாக அவள் இந்த இடத்தில் செய்வது ஒன்றுதான், கையெடுத்துக் கும்பிட்டு, அவன் பேசுவதைப் பெருசா எடுக்காதீக, அவன் புத்தி சரியில்ல அண்ணாச்சி என்று சொல்லி, தம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவது. கைகூடக் கும்பிட எழும்பியது. பக்கத்தில் அவன் நிற்கிறான், மூச்சை அடக்கிக்கொண்டு, இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தபடி. கையை இறக்கினாள்.

'அவன் சொல்லுதது நெசம் அண்ணாச்சி. நாந்தான் கலந்தேன்.' குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். 'டீக்கடையில நீங்க எல்லாருமா உப்பப் போட்டுக் குடுத்ததும் நெசம். அன்னைக்கி அவன் அழுதுக்கிட்டு வீட்டுக்கு வந்தான். அதுக்கு வண்டி பிடிக்க ஒருத்தரும் வரல.'

கயிறு வைத்திருந்தவன் அண்ணாச்சியைப் பார்த்தான். அப்புறம் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா மைனிதான் முதலில் வாய் திறந்தாள். 'அய்யய்யோ, கூடப் பொறந்தவனுக்கே இவ கலந்து குடுக்கான்னா, எம்பேரன் தெனம் மத்தியானம் இவ கைச் சோத்தத்தான திங்கான்!' அது போதுமாக இருந்தது. துரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணெல்லாம் செல்லக்கனி பக்கம் திரும்பியது. நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் யார் யார் நிற்பார்கள் என்று அவளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அண்ணாச்சி, 'உள்ள போ, வண்டி வரட்டும், பேசிக்கிடலாம்' என்றார். யாருக்கு வண்டி என்று அவர் சொல்லவில்லை. அவள் துரையின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் கத்தவில்லை. சுவரோடு பேசவில்லை. பாயில் வந்து உட்கார்ந்து, 'சொன்னியேக்கா. எல்லாரு முன்னாலயும் சொன்னியே' என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கொஞ்சம் பொறுத்து, 'அந்த மருந்தக் காட்டு' என்றான். அலமாரியில் புடவை மடிப்புக்குள் ஒளித்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், எழுத்துக் கூட்டி வாசித்தான், முகர்ந்து பார்த்தான், பிய்த்திருந்த ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தான். 'இது என்ன செய்யும்?' என்றான். ரெண்டு வருசத்தில் இந்தக் கேள்வியை அவன் கேட்க யாரும் இடம் கொடுக்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. 'தூக்கம் வரும். தலைக்குள்ள பேசுதவங்க கொஞ்சம் தள்ளிப் போவாங்களாம், டாக்டரம்மா சொன்னாவ. பயம் கொறையும்.' அவன் யோசித்தான். 'நாளைக்கி எங் கண்ணு முன்னால பிச்சுக் குடு. நானே பாத்துப் போடுதேன். போட்டாலும் போடுவேன்.' போட்டாலும் போடுவேன்! செல்லக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டாக்டரம்மா சொன்ன அந்த ஆள், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச வேண்டிய ஆள், இதைத்தானே செய்திருப்பார்? இதற்கா ரெண்டு வருசம்? சிரிக்க வாயைத் திறந்தாள், வாய் பாதியில் நின்றுவிட்டது. உதடு மரத்துப்போன மாதிரி இருந்தது. காலையில் வெறும் தேத்தண்ணியோடு போனது, மத்தியானமும் சாப்பிடவில்லை, வெறும் வயிற்றில் அத்தனையும் போய் இறங்கியிருக்கிறது. மூன்று மாத்திரையில் அவள் பங்கு எவ்வளவு? பாதி டம்ளருக்கு மேல் அவள்தானே குடித்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள், முழங்கால் கேட்கவில்லை. தூங்கக் கூடாது. வேறு என்றைக்கு வேண்டுமானாலும் தூங்கலாம், இப்போது மட்டும் கூடாது. தொடையைக் கிள்ளினாள், கிள்ளியது யார் தொடையையோ என்று இருந்தது. முகத்தில் தண்ணி அடிக்கலாம், பானை எட்டாத தூரத்தில் இருக்கிறது. வெளியே ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம். டீசல் வண்டி. நிஜமா, இல்லை இவள் தலைக்குள்ளா? இனி அவளுக்கும் அது தெரியாதோ?

'யக்கா, ஒனக்குக் கண்ணு சொருவுது. நீ குடிச்சதுல்லா அது' என்றான் துரை. தலையணையை எடுத்து வந்து அவள் தலைக்குக் கீழே வைத்தான். போர்வையை இழுத்துக் கால்வரைக்கும் மூடினான். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தபோது அவள் அவனுக்குச் செய்தது போலவே நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான். 'நீ படுக்கா. நான் முழிச்சிருக்கேன்.'

தாழ்ப்பாள் ஆடியது. யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள், மரியாதையாக, ரெண்டு தட்டு. 'செல்லக்கனி, கதவத் தொறம்மா. பேசத்தான் வந்திருக்கோம்.' அண்ணாச்சியின் குரல் பருத்தி மாதிரி மெத்தென்று இருந்தது. துரை அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். இனி அக்கா எது சொன்னாலும் நெசம்தான் சொல்லுவாள் என்று அவன் கண்ணில் எழுதி ஒட்டியிருந்தது. குனிந்து, அவள் காதுக்குக் கிட்டே வந்து, ரகசியமாகக் கேட்டான்:

'யக்கா, கதவத் தட்டுதாவ. தொறக்கட்டா?'

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். நாக்கு புரளவில்லை.